சிகாகோவிலிருந்து டென்வருக்கு மெதுவாகக் காரில் போவது வீணா?

நீங்கள் கேட்டது இது. ஜூன் முதல் வாரம் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைச் சிகாகோவிலிருந்து டென்வருக்குக் காரில் கூட்டிப்போக ஆசை. ஐந்து நாள் கையில் இருக்கிறது. நண்பர்களோ, "அயோவாவும் நெப்ராஸ்காவும் வெறும் சோளக்காடு, ராத்திரியோடு ராத்திரியாகத் தாண்டிவிடு, இல்லையென்றால் விமானத்தில் போய்விடு" என்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, ஊரில் வயல் வைத்திருப்பவர். இருவரும் சைவம். எந்த வழியில் போகலாம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை வேறு: பெற்றவர்களைக் கூட்டிவந்து ஐந்து நாள் காரில் அடைத்து, ஒன்றுமில்லாத நிலத்தைக் காட்டியதாக ஆகிவிடக் கூடாதே என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் மண்ணியல் படித்தவன். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் வசிக்கிறேன்; மண் மாதிரி எடுக்கும் வேலைக்காகப் பல வருடங்களாக இந்த மாநிலத்தின் கிராமச் சாலைகளில் சுற்றுகிறேன். நிலத்தையும் சாலையையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உணவகம், மோட்டல் விஷயங்கள் வருடத்துக்கு வருடம் மாறும். அவற்றைக் கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. ஐ-80 நெடுஞ்சாலையில் ஓட்டிப்போனால் அவர்கள் சொன்னதுதான் தெரியும். ஆனால் அது ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை. நெப்ராஸ்காவுக்குள் ஐ-80 சுமார் 455 மைல் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி பிளாட் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியே போகிறது. 1840-களில் மேற்கே கிளம்பிய மாட்டு வண்டிகள் அந்த வழியில் போயின. 1860-களில் யூனியன் பசிபிக் ரயில் பாதை அங்கேதான் போடப்பட்டது. 1913-ல் அறிவித்த லிங்கன் ஹைவே அதே வழி, கடைசியில் வந்த ஐ-80-உம் அதே வழி. ஏற்ற இறக்கமே இல்லாத தரை வேண்டும் என்று எல்லோரும் தேடித்தேடி எடுத்த கோடு அது. மாநிலத்திலேயே மிகத் தட்டையான பட்டையை மட்டும் பார்த்துவிட்டு மாநிலமே தட்டை என்று சொல்கிறோம். முப்பது நாற்பது மைல் வடக்கே விலகினால் மணல் குன்றுகளும், ஓடைகளும், மேய்ச்சல் நிலமும் வேறு உலகமாக இருக்கின்றன.

இன்னொன்று. இந்தச் சமவெளி சமமானதே இல்லை, சாய்வானது. ஓமஹா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி. நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்திலிருக்கும் ஸ்காட்ஸ்பிளஃப் 3,900 அடி. டென்வர் 5,280. ராக்கி மலைகள் தேய்ந்து, ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிழக்கே கொண்டுவந்து பரப்பிய மணலும் சரளையும்தான் நீங்கள் ஏறப்போகும் சாய்வு. காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏறுவதே தெரியாது. போனில் உயரம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். தினமும் காலை, மாலை பார்த்துக்கொண்டு வரட்டும்.

அதைவிட முக்கியமானது மழை. ஓமஹாவில் வருடத்துக்குச் சுமார் 30 அங்குலம் பெய்கிறது. ஸ்காட்ஸ்பிளஃபில் அதில் பாதிதான். நடுவில், ஏறத்தாழ 20 அங்குலம் பெய்யும் இடத்தில், 100-ஆவது மேற்குத் தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்கு மேற்கே மானாவாரி விவசாயத்தை நம்ப முடியாது என்று நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். யாரும் கேட்கவில்லை. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று அப்போது படித்தவர்களே பேசினார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஆஹே என்ற பேராசிரியரும் அதில் ஒருவர். 1890-களின் வறட்சி வந்து எத்தனையோ குடும்பங்களை நிலத்தை விட்டுத் துரத்தியது. இந்தக் கதை புத்தகத்தில் படிப்பதைவிடச் சாலையில் தெளிவாகத் தெரியும். கிழக்கே மண் கறுப்பு, மேற்கே வெளுக்கும். கிழக்கே ஆள் உயரப் புல் வளர்ந்த இடம், மேற்கே கணுக்கால் உயரம். ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போகும். வயல் வைத்திருப்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே போதும். அந்த 100-ஆவது ரேகையை மட்டும் சுவர் மாதிரி நினைக்க வேண்டாம். ஈரத்தின் எல்லை வருடத்துக்கு வருடம் நகர்கிறது. வெப்பம் கூடுவதால் அது நிரந்தரமாகவே கிழக்கே நகர்ந்துவருகிறது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது.

வழிக்கு வருவோம். முதல் நாள் சிகாகோவிலிருந்து டெமாய்ன் வரை ஐ-80-லேயே போய்விடுங்கள். சுமார் 330 மைல். அங்கே அவசரப்படுவதில் நஷ்டமில்லை. வழியில் வால்காட் என்ற ஊரில் பிரம்மாண்டமான லாரி நிறுத்தம் ஒன்று இருக்கிறது; உலகத்திலேயே பெரியது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கும், பெரியவர்கள் கால் நீட்ட நல்ல இடம்.

இரண்டாம் நாள் கவுன்சில் பிளஃப்ஸ் ஊருக்கு வடக்கே லோயஸ் குன்றுகளைப் பாருங்கள். பனியுகத்தில் மிசூரி ஆற்றுப் படுகையில் காய்ந்து கிடந்த வண்டலைக் காற்று அள்ளிக் கிழக்குக் கரையில் குவித்தது. சில இடங்களில் 200 அடி கனம். இத்தனை கனமான காற்று வண்டல் சீனாவை விட்டால் வேறெங்கும் அரிது. அந்த மண்ணை வெட்டினால் சரியாமல் செங்குத்தாக நிற்கும். சாலையோர வெட்டுகளில் கவனித்துப் பாருங்கள். ஹிட்ச்காக் இயற்கை மையத்தில் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஓமஹா போய்விடுங்கள். இந்திய உணவகங்களும் இந்திய மளிகைக் கடைகளும் அங்கே உண்டு. இரவு லிங்கன்.

மூன்றாம் நாள் சீக்கிரம் கிளம்பி, 40 மைல் தெற்கே பியாட்ரிஸ் ஊருக்கு வெளியே இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குப் போங்கள். 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே மனுப் போட்ட டேனியல் ஃப்ரீமேனின் நிலம்தான் இந்தப் பூங்கா. சட்டம் முடிவதற்குள் மொத்தம் 27 கோடி ஏக்கர் இப்படிக் கைமாறியது. அது யாருடைய நிலமாக இருந்தது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பிளாட், லூப் ஆற்றங்கரைகளில் மண் வீடுகள் கட்டி மக்காச்சோளம் விளைவித்த பானி மக்கள் 1870-களில் ஓக்லஹோமாவுக்கு வெளியேற்றப்பட்டார்கள். சமவெளி ஆளில்லாமல் கிடந்தது என்பது பொய். இங்கே விவசாயம் ஹோம்ஸ்டெட்காரர்களோடு தொடங்கவில்லை. பூங்காவில் உயரப் புல்வெளி ஒன்றை மீட்டு வளர்த்திருக்கிறார்கள். ஜூனில் புல் முழு உயரத்துக்கு வந்திருக்காது, செப்டம்பர்தான் அதற்கு மாதம். ஆனால் தரைக்கு மேலே தெரிவது பாதிகூட இல்லை. பிக் புளூஸ்டெம் என்ற அந்தப் புல்லின் வேர் ஆறு அடிக்கும் கீழே போகும். ஆயிரக்கணக்கான வருடங்களாக அந்த வேர்கள் செத்து மக்கியதுதான் இங்குள்ள கறுப்பு மண். உயரப் புல்வெளி இருந்த பரப்பில் இப்போது நூற்றில் நான்கு பங்குகூட மிச்சமில்லை. மீதி எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்.

அங்கிருந்து கிரீட் ஊர் வழியாக டார்செஸ்டருக்கு வந்து, ரயில் பாதையை ஒட்டிய யூ.எஸ். 6 சாலையில் மேற்கே போங்கள். ஊர்ப்பெயர்களை அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனிசா, லோவெல். சி, டி, இ, எஃப் என்று ஆங்கில அகரவரிசை. பர்லிங்டன் ரயில் கம்பெனி 1870-களின் தொடக்கத்தில் பாதை போட்டுக்கொண்டே ஊர்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்தது. நடுவில் ஃப்ரெண்ட், சட்டன் என்று வரிசையில் சேராத ஊர்களும் வரும். ஹார்வர்டுக்குப் பிறகு சில ஊர்கள் பிரதான சாலையை விட்டு விலகி இருக்கும். பெரும்பாலான ஊர்களில் ரயில் பாதையோரம் எலிவேட்டர் என்கிற தானியக் கோபுரம் நிற்கும். விவசாயி குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்து போட்டுவிட்டு அன்றைக்கே வீடு திரும்பும் தூரத்தில் ஊர்கள் அமைந்தன. இன்று லாரியில் எவ்வளவு தூரமும் போகலாம். அதனால்தான் பாதி ஊர்களில் கடைத்தெரு மூடிக் கிடக்கிறது.

இந்த வழியில் அப்பாவை நிச்சயம் கட்டிப்போடுவது சென்டர் பிவட் பாசனம். நடுவில் கிணறு, அதிலிருந்து கால் மைல் நீளக் குழாய் சக்கரங்கள் மேல் நின்று கடிகார முள் போலச் சுற்றும். 160 ஏக்கர் சதுரத்தில் சுமார் 130 ஏக்கர் வட்டமாக நனையும். ஃபிராங்க் ஸைபாக் என்ற விவசாயி 1952-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீர் ஓகலாலா நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. மேற்குக் கன்சாஸிலும் டெக்சஸிலும் சில இடங்களில் நீர்மட்டம் 100 அடிக்கும் மேல் இறங்கிவிட்டது. நெப்ராஸ்காவின் மணல் குன்றுப் பகுதியில் பெரிதாக இறங்கவில்லை. ஏன் என்பது அடுத்த நாள் காலடியிலேயே தெரியும். ஜூன் தொடக்கத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரம்கூட வந்திருக்காது. அது உங்களுக்கு நல்லது. ஆகஸ்டில் வந்தால் சாலையின் இரு பக்கமும் ஆளை மறைக்கும் பயிர்ச் சுவர்தான் தெரியும்.

அன்று இரவு புரோக்கன் போ ஊரில் தங்குங்கள். கிராண்ட் ஐலண்டிலிருந்து நெப்ராஸ்கா 2 என்ற இரண்டு வழிச் சாலை வடமேற்காக அலையன்ஸ் வரை 272 மைல் போகிறது. இந்தப் பயணத்தின் உயிரே அந்தச் சாலைதான். மற்றதையெல்லாம் இதற்காகத்தான் சொன்னேன். நான்காம் நாள் புரோக்கன் போவைத் தாண்டி, ஆன்செல்மோவுக்கும் டன்னிங்குக்கும் நடுவே அந்த 100-ஆவது ரேகையைக் கடப்பீர்கள். அந்தப் பக்கத்திலேயே வயல்கள் நின்றுபோய் மணல் குன்றுகள் தொடங்கிவிடும். சுமார் 20,000 சதுர மைல் முழுக்க மணல் மேடுகள். சில 400 அடி உயரம். மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய மணல் குன்றுப் பரப்பு இது. ஆனால் பாலைவனம் இல்லை. எல்லாவற்றையும் புல் போர்த்தியிருக்கிறது. பெய்யும் மழை ஓடாமல் நேரே மணலுக்குள் இறங்கி ஓகலாலாவில் சேர்கிறது. நீர்மட்டம் தரையைத் தொடும் பள்ளங்களில் ஏரிகள். பக்கத்திலேயே வரும் மிடில் லூப் ஆறு நிலத்தடி ஊற்றால் ஓடுவதால் வறண்ட காலத்திலும் பெரிதாக வற்றுவதில்லை.

1904-ல் கின்கெய்ட் சட்டம் இங்கே ஆளுக்கு 640 ஏக்கர் கொடுத்தது. உழுதார்கள், புல் போனது, மணல் பறந்தது. பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள், மாடு வளர்த்தவர்கள் நின்றார்கள். புல் கிழிந்த இடத்தில் காற்று குடைந்து பெரிய குழியாக்கிவிடும். பண்ணைக்காரர்கள் பழைய டயர்களைப் போட்டு அதை அடைக்கப் பார்ப்பார்கள், சாலையிலிருந்தே தெரியும். கடைசியாக நீண்ட வறட்சி வந்தபோது, ஏறத்தாழ 700 முதல் 1,000 வருடங்களுக்கு முன், இந்தக் குன்றுகள் பல இடங்களில் புல் இழந்து நகர்ந்தன என்று மணல் துகள்களின் வயதைக் கணக்கிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இது உறுதியான செய்தி. அப்படி நகர எத்தனை வருட வறட்சி வேண்டும், இனி மறுபடி நடக்குமா என்பது உறுதியில்லை. எனக்குத் தெரிந்த ஆய்வாளர்களே இதில் ஒத்துப்போவதில்லை.

ஜூனில் அங்கே புல் முழுப் பச்சையாக இருக்கும். யுக்கா செடி வெள்ளையாகப் பூத்திருக்கும். வேலிக் கம்பத்துக்கு ஒன்றாக மெடோலார்க் பறவை உட்கார்ந்து பாடும். பெட்டி ஆமைகள் சாலையைக் கடக்கும் பருவம் அது, பார்த்து ஓட்டுங்கள். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். வயோமிங்கிலிருந்து வரும் நிலக்கரி ரயில் ஒன்று கடந்துபோகக்கூடும், ஒரு மைலுக்கும் மேல் நீளம். எதிரே வரும் பிக்கப் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது வணக்கம், நீங்களும் தூக்குங்கள். ஹால்சி அருகே சார்லஸ் பெஸ்ஸி என்ற தாவரவியலாளர் சொல்லி மணலில் கையால் நட்டு வளர்த்த காடு ஒன்று இருக்கிறது. 2022 அக்டோபரில் தீ அதன் ஒரு பகுதியை எரித்தது, ஆனாலும் பார்க்கலாம். மல்லன் என்ற ஊர் வரும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அலையன்ஸில் ஜிம் ரைண்டர்ஸ் என்பவர் 1987-ல் தன் தந்தையின் நினைவாகப் பழைய கார்களை நட்டு இங்கிலாந்தின் ஸ்டோன்ஹென்ஜ் கல்வட்டம் போல எழுப்பியதைக் கால் மணி நேரம் பார்க்கலாம்.

ஸ்காட்ஸ்பிளஃபில் இரவு தங்கி, ஐந்தாம் நாள் காலை ஸ்காட்ஸ் பிளஃப் தேசிய நினைவிடத்தின் உச்சிக்குப் போங்கள். ஆற்றிலிருந்து 800 அடி உயரம். 1930-களில் மூன்று சுரங்கங்கள் குடைந்து போட்ட சாலை இருக்கிறது, பெரியவர்கள் நடந்து ஏற வேண்டியதில்லை. பாறை சரிந்தால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். அன்று காலை பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கிழக்கே சிம்னி ராக் தெரியும். ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் நடந்த வண்டிக் கூட்டங்கள் அதை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே வந்தன. பிறகு 71-ஆம் எண் சாலையில் தெற்கே கிம்பல் வழியாகக் கொலராடோவுக்குள் இறங்குங்கள். கோதுமை அப்போது பச்சையிலிருந்து பொன்னிறமாக மாறும் தறுவாயில் இருக்கும். வயல் நடுவே கம்பி வேலி போட்ட சிறு சதுரங்கள் கண்ணில் படும்; அடியில் இன்றும் பணியில் இருக்கும் மினிட்மேன் அணு ஏவுகணைகள். அங்கே நிறுத்த வேண்டாம். கொலராடோவில் பானி தேசியப் புல்வெளி வருகிறது. 1930-களின் புழுதிப் புயல் காலத்தில் பாழான பண்ணைகளை அரசாங்கம் விலைக்கு வாங்கிப் புல்லுக்குத் திருப்பிய நிலம் அது. உள்சாலைகள் சரளைதான், மழை பெய்திருந்தால் நுழையாதீர்கள். வாடகைக் கார் என்றால் சரளைச் சாலைக்கு ஒப்பந்தத்தில் அனுமதி உண்டா என்றும் பாருங்கள்.

இடி மழை பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூன் புயல் காலம். ஒரு குறிப்பிட்ட நாளில் டொர்னேடோ உங்கள் சாலைக்கே வரும் வாய்ப்பு மிகக் குறைவு; ஆலங்கட்டி மழையும் பலத்த காற்றும்தான் நடைமுறை ஆபத்து. அவை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகு வரும். எனவே காலை ஏழு மணிக்குக் கிளம்பி மூன்று, நான்கு மணிக்குள் அறைக்குப் போய்விடுங்கள். வானிலை அறிவிப்பில் 'வாட்ச்' என்றால் வர வாய்ப்பிருக்கிறது, 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, உடனே உறுதியான கட்டடத்துக்குள் போக வேண்டும். பாலத்துக்கு அடியில் காரை நிறுத்தாதீர்கள். காற்று அங்கே இன்னும் வேகமெடுக்கும். மாலை மங்கிய பிறகு மான்கள் குறுக்கே பாயும், நண்பர்கள் சொன்ன இரவு ஓட்டத்தை நான் தடுப்பதற்கு அது முக்கியக் காரணம். புரோக்கன் போவுக்கு அப்பால் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். போன் சிக்னல் பல மைல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் லிங்கனுக்குப் பிறகு தானாக அமையாது. சிறிய ஊர்களில் மெக்சிகன் உணவகம்தான் சைவத்துக்குக் கைகொடுக்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா, சோறு கோழிச் சாற்றில் வெந்ததா என்று இரண்டையும் கேளுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் உள்ள அறையாகப் பிடித்து, ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய், பொடி எடுத்துப்போங்கள். தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் வழியில் ஓமஹா, லிங்கன், கிராண்ட் ஐலண்ட், ஸ்காட்ஸ்பிளஃப் ஊர்களில் பெரிய மருத்துவமனைகள் உண்டு. நடுவில் இருப்பவை சிறியவை. அப்பாவுக்கு இதயக் கோளாறோ, நாலு மணி நேரம் உட்கார முடியாத முதுகுவலியோ இருந்தால் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். அந்த நிலையில் விமானமே சரி.

ஒரு நாள் குறைந்துபோனால் பியாட்ரிஸை விட்டுவிட்டு, லிங்கனிலிருந்து நேரே கிராண்ட் ஐலண்ட் வழியாக 2-ஆம் எண் சாலைக்குப் போங்கள். அதுவும் முடியாதென்றால் முதல் நாளே ஓமஹா வரை ஓட்டிவிடுங்கள். மணல் குன்றுகளை மட்டும் விடாதீர்கள். புரோக்கன் போவில் அறைகள் குறைவு, அதனால் அதை முதலில் பதிவு செய்யுங்கள்.